பள்ளக்காட்டில் வழுக்கிய பின்சக்கரம்

இன்று காலை பள்ளக்காட்டில் டிராக்டரின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ஈரக் கரிசலும் ரப்பரும் சூடேறினால் ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியதும் வரப்பில் நின்றபடியே உங்களைத் திட்டினேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் வாய் இன்னும் பழக்கத்தை விடவில்லை.

சின்ன டிராக்டர் வாங்கிய புதிதில், டயர் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். V போல விழுந்த தடத்தின் கூர் பின்னால் பார்க்கிறதாம். முன்னால் போகிற வண்டிக்கு அது முன்னால்தானே பார்க்க வேண்டுமாம். பூலாம்பாடி பஞ்சர் கடைக்காரர் தலையால் அடித்துக்கொண்டும் கேட்காமல், இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாட்ட வைத்தீர்கள்.

பிடித்தது சனி. மேட்டுக்காட்டில் ஓடிய வண்டி, என் அப்பா எனக்குக் கொடுத்த பள்ளக்காட்டில் இறங்கினால் வழுக்கிக்கொண்டு நின்றது. காற்றைக் குறைத்தீர்கள். பாரம் கூட்ட டயருக்குள் தண்ணீர் ஏற்றினீர்கள். உங்கள் கைவேலையைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டீர்கள். கடைசியில் பழி மண்ணின் மேல் விழுந்தது. "உங்கப்பன் குடுத்தது காடா அது, சேத்துக்குழி" என்று சொல்லி, நாலு பேர் முன்னால் பக்கத்துக் காட்டுக்காரருக்கு விற்பதாக வாக்கும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். மூன்று நாள் உங்களுக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும்போதுதான் டயரின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டுகிற குறி. மேலே இருந்த அம்பு பின்னால் பார்த்தது. மறுபக்கமும் அப்படியே. கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தீர்கள். "நீ பொட்ட வையி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

மறுநாள் விடிந்தபோது வண்டியைக் காணோம். மத்தியானம் பஞ்சர் கடையிலிருந்து திரும்பியவர், வீட்டுக்குக்கூட வராமல் நேரே பள்ளக்காட்டில் இறக்கினீர்கள். அப்படியே பிடித்துக்கொண்டு ஏறியது பாருங்கள், வரப்பில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் திரும்பியே பார்க்கவில்லை.

சாயங்காலம் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய், கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்டீர்கள். அவர் என்ன பேசினாரோ, முகம் சுண்டிப்போய் வந்தீர்கள். காலைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "மண்ணுல ஒரு குறையும் இல்ல புள்ள. மாட்டச் சொன்னவன்தான் சரியில்ல."

இன்று டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே இறங்கிப் பார்த்தேன். அம்பு சரியாகத்தான் இருக்கிறது. டயரில் மண்ணைக் கடிக்கிற பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். சென்னையிலிருந்து மகன் போனில், அந்தக் காட்டை விற்றுவிடலாமே என்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். புது டயருக்குச் சொல்லியாயிற்று. மக்காச்சோளம் போட ஈரம் இன்னும் நாலு நாள் தாங்கும்.

ஒரு வாக்குக்காக உயிரை விடுகிற மனுஷன் நீங்கள். எனக்காக அந்த வாக்கை விழுங்கினீர்கள். அந்தக் காட்டை விற்றுவிட்டு எந்த மூஞ்சியோடு நான் உங்களிடம் வருவது?