நிற்காமல் அடித்த மணி

என் பிள்ளை கார்த்தி மருந்துப்புகை பிடித்த நெபுலைசர் பெட்டியை நேற்று அலமாரியிலிருந்து இறக்கினேன். மூச்சிரைப்பு முழுசாக விட்டுவிட்டது, இனி மெஷின் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூடியைத் திறந்ததும் அந்த முகமூடியின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. குப்பைக்குப் போக வேண்டிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ பார்த்திருந்தால், "ஏ புள்ள, மெஷினுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டிருப்பாய். அழுதேன்டி. உனக்கென்ன, தூக்கத்திலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய்.

ஹூஸ்டனில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலிதான். ஆனால் உன்னோடு காரில் போவது பெரிய தண்டனை. சாலையோரத்தில் எங்கே வரலாற்றுப் பலகை நட்டிருந்தாலும் உன் கால் பிரேக்குக்குப் போய்விடும். கடைசி வரி வரை படிக்காமல் வண்டி நகராது. ஜெர்மன்காரன் எங்கே மாவு மில் கட்டினால் கீழக்கரைக்காரிக்கு என்ன வந்தது என்று நான் பல்லைக் கடிப்பேன்.

டெக்சாஸில் ஜெர்மன்காரர்கள் குடியேறிய அந்தக் கிராமத்திலும் அப்படித்தான் போய் விழுந்தோம். ப்ளூபானெட் பூ பார்க்கக் கிளம்பியவர்களை ஒரு பலகை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. சுண்ணாம்புக்கல் சர்ச், மரத்தாலான நடனக்கூடம், அதற்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் எல்சாவை நீ எடுத்த எடுப்பிலேயே 'ஆன்ட்டி' ஆக்கிவிட்டாய். அவரும் சளைக்காமல் சொன்னார். கப்பலில் வந்தவர்களில் பாதிப்பேர் கடற்கரையிலேயே காய்ச்சலில் போனதை, மிச்சப்பேர் மாட்டுவண்டியில் இங்கே வந்து சேர்ந்ததை. தூரத்துப் பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை சாமான் வாங்க வந்து, தங்கி, மறுநாள் சர்ச் முடிந்து திரும்புவார்களாம். அதற்கென்று ஊருக்குள் ஒற்றை அறையில் ஒரு 'ஞாயிற்றுக்கிழமை வீடு'. "ஹில்க்ராஃப்ட் கடைத்தெருவுல நமக்கும் ஒண்ணு கட்டணும் புள்ள. மளிகை வாங்கிட்டு தூங்கிட்டு வரலாம்" என்றாய்.

சர்ச்சுக்குள் நுழைந்ததும் மணிக்கயிறு தலைக்கு நேரே தொங்கியது. பிள்ளையார் கோயில் வாசல் என்று என் கைக்கு யார் சொன்னார்களோ! இழுத்தேன். டங்! எல்சா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். நீ தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அடிப்பாவி, மதுரைய இங்க வரைக்கும் கொண்டாந்துட்டியே!" அந்தக் கோபத்தில்தான் எல்சா மணியின் கணக்கைச் சொன்னார். ஒன்று என்றால் தொழுகை. மூன்று என்றால் சாவு. நிற்காமல் அடித்தால் நெருப்பு, ஊரே தண்ணீரோடு ஓடிவர வேண்டும். மணி ஊருக்குப் பொது என்பதால் சர்ச் கதவுக்குப் பூட்டு கிடையாதாம்; பழசு மாறக் கூடாதென்று உள்ளே கரண்டும் இழுக்கவில்லையாம்.

அடுத்த வருஷம் அந்தப் புயல். ஊரைக் காலி பண்ணச் சொன்னார்கள். இவர் ப்ராஜெக்ட்டுக்காக நியூ ஜெர்சியில், உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி டியூட்டியில். நீதான் என்னையும் கார்த்தியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாய். ஃப்ரீவே முழுக்கக் கார், ஒன்றும் நகரவில்லை. பெட்ரோல் குறையக் குறைய நீ ஏ.சி.யை அணைத்தாய். வெயிலில் கார்த்திக்கு இரைக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் தீர்ந்தது. நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும். போன் எந்தப் பக்கமும் போகவில்லை. "அம்மா, ஐ கான்ட் ப்ரீத்" என்றான். விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்தன.

நீ எக்ஸிட் எடுத்து ஃப்ரீவேயை விட்டு இறங்கினாய். "இந்த ஊர் எனக்குத் தெரியும்."

"கிறுக்கி, போர்டு படிக்கிற நேரமாடி இது?" என்று கத்தினேன்.

அதே சுண்ணாம்புக்கல் சர்ச் வாசலில், பெட்ரோல் தீர்ந்து கார் நின்றே போனது. கடைகளெல்லாம் பலகை அடித்துச் சாத்தியிருந்தன. "முக்காட்டப் பாத்தா தொறக்க மாட்டாங்க, நீ போய் தட்டு" என்றாய். தட்டினேன். ஒரு வீட்டில் திரை அசைந்தது, கதவு அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் கார்த்தியின் உதடு நீலம். நீ சர்ச்சுக்குள் ஓடினாய்.

அந்த மணி நிற்கவே இல்லை.

நாலு பக்கமிருந்தும் பிக்கப் டிரக்குகள் வந்தன. தொப்பி போட்ட ஆண்கள், தண்ணீர் டிரம்கள், ஒரு வண்டியில் துப்பாக்கி. ரெட்டைக் கோபுரம் விழுந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. முக்காடு போட்ட நீ அவர்கள் சர்ச்சிலிருந்து வெளியே வருகிறாய். எங்கே நெருப்பு என்று ஒருவன் உறுமினான்.

"நோ ஃபயர், சார். பிளக் பாயிண்ட். ஒன்லி ஒன் பிளக் பாயிண்ட்!"

நம் ஊர் பிளக் பாயிண்ட் அவனுக்கு எங்கே புரியும்? "வாட் பாயிண்ட்?" என்றான். நீ காரிலிருந்து பையை இழுத்து, ஒயர் தொங்கும் அந்தப் பெட்டியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். துப்பாக்கி இருந்த வண்டியின் கதவு திறந்தது. பிள்ளையா நீயா, யார் முன்னால் ஓடி நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எல்சாவின் குரல் வந்தது. "அவளை எனக்குத் தெரியும்! எல்லாப் பலகையையும் படிக்கிற பெண் அவள்!"

அப்புறம் நடந்தது சட்டென்று நடந்தது. உறுமியவனே கார்த்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பக்கத்திலிருந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்து, 'தொடாதீர்கள்' என்று கட்டியிருந்த கயிற்றை எல்சா அவிழ்த்தெறிந்தார். அந்தக் காலத்துக் கட்டிலில் என் பிள்ளை. சுவரில் கரண்ட். மெஷின் உறுமியது, முகமூடியில் புகை வந்தது. அவன் உதடு சிவக்கும்வரை நீ என் கையை விடவில்லை. உன் உள்ளங்கை கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது. "ஆன்ட்டி, இந்தக் கட்டில் எந்த வருஷத்தது?" என்று அப்போதும் கேட்டாயே, உன்னை என்ன செய்ய!

இன்று காலை கார்த்தியோடு அந்த ஊருக்குப் போனேன். வழியெல்லாம் "அம்மா, ஸ்டாப், போர்டு!" என்று உயிரை வாங்கினான். நீ விட்டுப்போன சீக்கு. உன் செய்தியைச் சொன்னதும் எல்சா எழுந்து சர்ச்சுக்குள் போய்க் கயிற்றைப் பிடித்தார். மூன்று அடிக்கட்டுமா என்று கேட்டார். அவள் மார்க்கத்தில் மணி கிடையாது, ஆன்ட்டி என்றேன். அவர், "அப்படியானால் சும்மா உட்காருவோம்" என்று கயிற்றை விட்டுவிட்டார்.

மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கயிறு என் கைக்கு எட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. என் கைகள் இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஊரில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் கார்த்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. விசில் இல்லாத, சாதாரண மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்டி.