கீழ என்று சொன்னேன்

நவம்பர் 29, சனி

விடிந்ததிலிருந்து மூட்டம். துணி மூன்று நாளாகக் காயவில்லை, அறை முழுக்க ஈர வாடை. ஒன்பதாம் வகுப்புத் தாள் திருத்தம், பாதி முடிந்தது. வேகம், திசைவேகம் வித்தியாசம் கேட்டால் ஒன்றையே இரண்டு தரம் எழுதி வைத்திருக்கிறார்கள். 'திசை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதி எழுதிக் கை வலி.

நடுவில் ஜன்னலோரம் ஓர் அம்மா, மஞ்சள் பையுடன். "ஏனுங்க டீச்சரம்மா, எம்புள்ள பூங்கொடி இருக்குதுங்களா?" விடுதிப் பிள்ளைகள் பக்கத்துக் கிளியூருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். தலை நிமிராமலே, "எல்லாரும் கீழ போயிருக்காங்க" என்றேன். "சரீங்க" என்று போய்விட்டார்.

வாங்க: அந்துருண்டை, நீல மை. குடைக் கம்பி சரி செய்ய.

டிசம்பர் 1, திங்கள்

மஞ்சக்குட்டையிலிருந்து பூங்கொடியின் சித்தப்பா. கையில் அதே மஞ்சள் பை. உள்ளே ஆரஞ்சு, எள்ளுருண்டை.

"அண்ணி கீழ போயி சேலம் பஸ் ஸ்டாண்டு பூரா புள்ளையத் தேடிருக்குதுங்க. பரிச்சைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சுருச்சு. இருட்டுக் கட்டித்தான் ஊடு வந்துச்சு. நேத்து விடியக்காலம் குடகுக்குக் காப்பி பறிக்க லாரி ஏறிருச்சுங்க. இனி பங்குனிக்குத்தான் வரும். யாரோ ஒரு டீச்சரம்மா கீழன்னு சொன்னாங்களாம்."

ஏற்காட்டில் கீழ என்றால் மலைக்குக் கீழ. அடிவாரம், சேலம். ஆறு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன், தெரியாதா? தூத்துக்குடிக்காரி நான். கிளியூர்ப் பாதை சரிவாகப் போகிறது, என் வாய்க்கு அது கீழ. அந்த 'யாரோ' நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். வெட்கம்.

பூங்கொடியிடம் கொடுத்து, அம்மா குடகு போனதைச் சொன்னேன். "சனிக்கிழமை பாக்க வாரேன்னாங்களே மிஸ். வரவே இல்லீங்களா?"

"வேலை இருந்திருக்கும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பொய்!

பழத்தை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தாளாம். தான் ஒன்றும் எடுக்கவில்லை என்றார் வார்டன்.

டிசம்பர் 3, புதன்

வெயில். துணி காய்ந்தது. அந்துருண்டை இன்றும் மறந்தேன்.

பாடம்: இடப்பெயர்ச்சி. வருஷா வருஷம் சொல்லும் எடுத்துக்காட்டு தானாக வாயில் வந்துவிட்டது. ஏற்காட்டிலிருந்து சேலம் போய்த் திரும்பினால், கடந்த தொலைவில் அத்தனை கொண்டை ஊசி வளைவும் சேரும். இடப்பெயர்ச்சி மட்டும் சுழி. பாதி சொல்லும்போதுதான் பூங்கொடியின் அம்மா போய்வந்த வழி அது என்று உறைத்தது.

பூங்கொடி எழுந்தாள். "சுழின்னா, போகவே இல்லைன்னு அர்த்தமுங்களா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. சாக்பீஸை வைத்துவிட்டு அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன்.

"அப்படி அர்த்தமில்ல. போனது போனதுதான். உங்க அம்மா சனிக்கிழமை வந்தாங்க. கிளியூர்னு சொல்லாம கீழன்னு சொன்னது நான்தான். சேலம் வரைக்கும் போய் உன்னைத் தேடியிருக்காங்க. அது தெரிஞ்சும் உங்கிட்ட பொய் சொன்னேன்."

அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நின்றேன்.

"அப்ப, அம்மா வந்தாங்களாங்க."

"வந்தாங்க."

"குடகு எந்தப் பக்கமுங்க மிஸ்?"

மேற்கே கையை நீட்டிக் காட்டினேன். தூரம் கேட்கவில்லை அவள். மணி அடித்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்தபடி நின்றாள்.