கன்னையாவின் ஐந்து படிவங்கள்

9 ஜூன் 2025, திங்கள்

கன்னையாவின் பெயருக்கு வரி அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம், வழக்கம்போல், அவர் கணக்கில் நான் கொடுத்து வைத்த என் முகவரிக்கு. வந்த தேதியை உறையின் மூலையில் எழுதி பிஸ்கட் டின்னில் வைத்தேன். பதினேழாவது. ஒன்றையும் திறந்ததில்லை.

தணிக்கை நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர்களுக்கு வரிப் படிவம் போட்டுக் கொடுக்கிறேன். கிள்ளானில் லோரி ஓட்டும் கன்னையா அதில் ஒருவர். 2019 கணக்கில் இரண்டு மாத டீசல் ரசீது குறைந்தது. குறையோடு அனுப்ப மனம் வரவில்லை. அவர் கேட்டபோது 'போட்டாச்சு' என்றேன், ஒரு வாரத்தில் போட்டுவிடலாம் என்றுதான். அதைப் போடாமல் அடுத்த ஆண்டை எப்படிப் போடுவது? ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் 'புது லோரிக்கு வரிக்கழிவு இருக்கு, வரி வராது' என்று சொன்னேன். கூலியும் வாங்கினேன்.

மாலையில் அவரே போன் செய்தார். "அங்கிள், வியாழக்கிழமை பெர்த் போறோம் லா. ஷாமினிக்கு ஆகஸ்ட்ல குழந்தை. ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. இந்த வாட்டி அப்பா பக்கத்துல இருக்கணும்னு அழுவுறா."

'நல்லபடியா போய்ட்டு வாங்க' என்றேன். வேறென்ன சொல்வது? சொல்ல நிறையவே இருந்தது.

12 ஜூன், வியாழன்

விமானம் மூன்றரைக்கு. வரி பாக்கி என்று தடுக்காமல் ஒருவேளை விட்டுவிடுவார்கள்.

13 ஜூன், வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். மீதி பிறகு.

15 ஜூன், ஞாயிறு

இடது கையால் ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கன்னையா கதவைத் தட்டினார். திறந்ததும் அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"டேய் கிழவா! ஏர்போர்ட் கவுண்டர்ல பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிக்கிட்டு, வரி பாக்கி, நாட்ட விட்டுப் போக முடியாதுன்றான். என் பொண்டாட்டி தனலெட்சுமி தனியா ஏறிப் போறா. அத்தன பேர் முன்னால நான் திருடன் மாதிரி நிக்கிறேன். அஞ்சு வருசமா போட்டாச்சு போட்டாச்சுன்னியே, எங்கடா போட்ட?"

நான் டின்னைக் காட்டினேன்.

உறைகளைப் பார்த்தார். மூலையில் எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். என் வலது கையைப் பிடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்து, காலால் உதைத்து மூடினார். பிறகு இன்னொரு முறை. யார் கத்தியது என்று முதலில் தெரியவில்லை. நான்தான்.

மூன்று விரல் எலும்பு முறிவு. மருத்துவமனையில் 'இழுப்பறையில் மாட்டிக்கொண்டது' என்றேன். அது பொய் இல்லை.

மகள் உமா நம்பவில்லை. "யார்ப்பா அடிச்சது? போலீஸ் ரிப்போர்ட் போடலாம் வாங்க." வேண்டாம் என்றேன். எந்த முகத்தோடு போடுவது? அவர் வாழ்க்கையைக் கெடுத்தது நான்.

17 ஜூன்

இன்று கன்னையா பெட்டிகளோடு வந்துவிட்டார். ஐந்து வருட ரசீதுகள். "முடியுற வரைக்கும் இங்கதான் உக்காருவேன். குழந்தை பொறக்குறதுக்குள்ள நான் பிளேன் ஏறணும். இல்ல, இன்னொரு கை இருக்கு உனக்கு."

அங்கிள் போய் 'நீ' வந்துவிட்டது. நியாயம்தான்.

21 ஜூன், சனி

லிப்ட் வேலை செய்யவில்லை. கன்னையாவின் டிரைவர் திருச்செல்வம் நான்கு மாடி ஏறிக் கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வாசலில் கை நழுவிப் பெட்டி விழுந்தது. கன்னையா எழுந்து போய் அவர் வாயிலேயே குத்தினார். விழுந்தவரின் விலாவில் உதைத்தார். "நாயே, அது எவ்ளோ முக்கியம்னு தெரியுமா?"

2021 ரசீதுகள் மேல் ரத்தம் சொட்டியது.

நான் துணியை எடுத்து முதலில் ரசீதுகளைத் துடைத்தேன். அந்த மனிதரை அல்ல. திருச்செல்வம் அதைப் பார்த்தார். சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் எப்படிப்பட்டவன்?

24 ஜூன்

மத்தியானம். கன்னையா நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் தேங்காய் உடைக்கும் பாராங் கத்தி இருக்கிறது. அதை இடது கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். பிடரியில் ஒரு மரு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன்.

திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இரக்கமா? இல்லை. '2022 இன்னும் முடியவில்லையே' என்ற நினைப்பு வந்தது. அதுதான் காரணம். எழுதவே கூசுகிறது.

2 ஜூலை, புதன்

ஐந்தும் முடிந்தன. 2019இல் அந்த இரண்டு மாத டீசலைச் சேர்க்காமல் விட்டேன். கொஞ்சம் கூடுதல் வரி, அவ்வளவுதான். இதற்காகவா ஐந்து வருடம்!

உமா போனில் சொன்னாள். "நாளைக்கு வரி ஆபீஸ்ல வாய் தொறக்காதீங்கப்பா. உங்க பேரு எந்தப் படிவத்துலயும் இல்ல. சட்டப்படி அவருதான் பொறுப்பு."

சரியாகத்தான் சொல்கிறாள்.

3 ஜூலை, வியாழன்

அதிகாரி இளம் பெண், மரியாதையாகப் பேசினார். கன்னையா என் பக்கம் கையை நீட்டி, இவர்தான், இவர்தான் என்றார். "பொறுப்பு உங்களுடையதுதான், என்சிக் கன்னையா. இவர் யார்?" என்று கேட்டார் அதிகாரி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எழுந்து நின்று, நேற்றிரவு இடது கையால் எழுதிய கடிதத்தையும் டின்னையும் மேசைமேல் வைத்தேன். கடிதங்கள் எதுவும் அவரிடம் போகவில்லை, நான் கொடுக்கவில்லை, படிவம் போட்டதாகப் பொய் சொன்னேன் — மூன்றே வரி. 'உங்கள் மேலும் விசாரணை வரலாம், பாக்சிக், தெரியுமா?' என்று மாமா முறை சொல்லிக் கேட்டார் அதிகாரி. தெரியும் என்றேன்.

காரில் கன்னையா ஸ்டியரிங்கை ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டு வந்தார்.

1 ஆகஸ்ட்

வரி அலுவலகத்தில் தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். அபராதத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். பயணத் தடை நீங்கியது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

கன்னையா நாளை பெர்த் கிளம்புகிறார். ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார். இருமல் வந்ததுபோல் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க செஞ்சதுக்கு நான் செஞ்சிட்டேன் அங்கிள். கோசோங்-கோசோங் லா, சைபருக்குச் சைபர். கழிச்சுக்குவோம்." என் முறிந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். வலித்தது. சிரித்தேன்.

எதிலிருந்து எதைக் கழிப்பது? நான் செய்ததற்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் எதில் போட்டார்? திருச்செல்வத்தின் வாய் எந்தக் கணக்கில் சேரும்?

ஆனால் இப்போது புகார் கொடுத்தால் மறுபடியும் அவரைப் பிடித்து வைப்பார்கள். அந்தப் பெண் ஷாமினி அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள்.

19 ஆகஸ்ட்

பெண் குழந்தை. படம் அனுப்பியிருந்தார். தாயும் சேயும் நலம். கடவுளே, நன்றி.

8 செப்டம்பர், திங்கள்

கன்னையா நேற்று திரும்பிவிட்டார். இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்தேன். மூன்றாம் முறை உள்ளே போய்விட்டேன். இழுப்பறையைச் சொன்னேன். மருத்துவமனையில் பாதியை மறைத்ததைச் சொன்னேன். என் வாசலில் திருச்செல்வத்தை அடித்ததையும், நான் பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன்.

'மூணு மாசம் ஏன் வரல?' என்று கேட்டார் சார்ஜன்.

'அவருக்குப் பேத்தி பிறக்க வேண்டியிருந்தது' என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

16 செப்டம்பர், செவ்வாய்

பொது விடுமுறை. கதவை இரட்டைத் தாழ் போட்டிருக்கிறேன். படியில் யாராவது ஏறினால் எழுந்து போய்த் தாழை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கிறேன்.

பதினொரு மணிக்கு கன்னையாவின் போன். எடுத்தேன்.

"ஏன் அங்கிள்? முடிஞ்சு போன விசயம். நமக்குள்ள என்ன இருக்கு? ஏன்?"

"நீங்க அடிச்சீங்க, கன்னையா."

கத்துவார் என்று காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். கத்தவில்லை. "திருச்செல்வத்தையும் கூப்பிட்டிருக்காங்க," என்றார், தணிந்த குரலில். "தெரியும்," என்றேன்.

வியாழன் காலை ஒன்பதரைக்குப் போலீஸ் நிலையத்தில் என் வாக்குமூலம். கூட வருகிறேன் என்றாள் உமா. வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.