மேல் ரூமில் ஜோலார்பேட்டை

ஆம்பூர்
திங்கட்கிழமை மாலை

அன்புள்ள சோபனா அப்பாவுக்கு,

தினமும் போனில் பேசிவிட்டுக் கடிதம் வேறு எதற்கு என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்கிறீர்கள், அதற்குள் அந்தப் பக்கம் யாராவது கூப்பிட, வைத்துவிடுகிறீர்கள். இந்தச் செய்தியை நான் முதலிலிருந்து கடைசிவரை சொல்லியாக வேண்டும், நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். லீவு முடிந்து உங்கள் பேக்டரிக்கே திரும்பும் சமீருல்லா அண்ணன் வியாழக்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதையும் இட்லிப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். அடிஸ் அபாபா குளிரில் உங்கள் சளி எப்படி இருக்கிறது? ராத்திரியில் ஸ்வெட்டர் போடாமல் திரிவதாக அவரே சொல்லிவிட்டார். மறைக்க வேண்டாம்.

சோபனா வேலூர் ஹாஸ்டலில் நன்றாக இருக்கிறாள். பரீட்சை எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாளாம். ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுவதற்கென்றே தினமும் எனக்குப் போன் செய்கிறாள். எனக்கும் ஒரு குறையும் இல்லை. இங்கே பேக்டரியில் எங்கள் லைனில் புதிதாக லேடீஸ் ஷூ ஆர்டர் வந்திருக்கிறது, ஷூவின் மேல் தோல், அந்த அப்பரைத் தைத்துத் தைத்து முதுகு பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மேல் ரூமில் உங்கள் பொம்மை ரயில் மேஜை இருக்கிறதே, அந்த ரூமை உங்கள் அண்ணன் கேட்டார். அவருடைய ஜாப் ஒர்க் பெருகிவிட்டது, இரண்டு தையல் மிஷின் கூடுதலாகப் போட இடம் வேண்டும். “ஓடாத ரயிலுக்கு எதுக்குமா இவ்ளோ பெரிய ரூமு?” என்றார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். தண்டவாளம் போட்டீர்கள், மலை கட்டினீர்கள், பாயிண்ட் மோட்டாரை மேஜைக்கு அடியில் மாட்டினீர்கள். ஒயரிங் மட்டும் அடுத்த லீவில் என்றீர்கள். அந்த அடுத்த லீவு இன்னும் வரவில்லை.

உங்களிடம் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “பிரிச்சிடு அம்பிகா. கம்பெனில மறுபடியும் காண்ட்ராக்ட் நீட்டிக்கிறாங்க. நான் எப்ப வந்து அத முடிக்கப் போறேன்” என்றீர்கள். கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்டீர்கள். உங்கள் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கோபம் வந்தது. மேஜையைப் பிரிக்கச் சொன்னதற்கு இல்லை. வந்து முடிக்கப் போவதில்லை என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னீர்களே, அதற்கு. மேஜை அந்த ரூமில் இருக்கும் வரை நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. அதைப் பிரித்துவிட்டு அந்த ரூமில் நான் எப்படி மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டு இருப்பது?

கோபத்தில் உங்கள் அண்ணனிடம் போய், “அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வாங்க மாமா, ரயில் ஓடும். ஓடலன்னா நானே பிரிச்சித் தர்றேன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மாடிக்குப் போய் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. எது எங்கே போக வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது.

என் லைனில் பக்கத்து மிஷினில் உட்காரும் ரஃபத் ஜஹானைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் மாடிக்குப் போவோம். பாயிண்ட் என்றால் என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை. ஜோலார்பேட்டையில் ஒரு லைன் பெங்களூருக்கும் ஒரு லைன் சேலத்துக்கும் பிரிகிறதே, அந்த இடத்தில் தண்டவாளத்தின் நுனி நகர்ந்து கொடுத்தால்தான் ரயில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும், அந்த நகரும் நுனிதான் பாயிண்ட், அதை இழுப்பதற்குத்தான் இந்த மோட்டார் என்றேன். மோட்டாருக்குள் இரண்டு காயில். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், இன்னொன்று அந்தப் பக்கம் இழுக்கும். ஆளுக்கொரு ஒயர், மூன்றாவது ஒயர் இரண்டுக்கும் பொது. இதை ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் பேசியதில் பாதி புரியவில்லை. கையைப் பார்த்தேன், கை புரிந்தது.

ஒயர் எல்லாம் நீங்கள் ஒரே கறுப்பு நிறத்தில் வாங்கி வைத்திருக்கிறீர்கள். யாராவது அப்படி வாங்குவார்களா? பேக்டரியில் வீணாகிற கலர் நூலைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஒயருக்கும் முடிச்சுப் போட்டேன். பெங்களூர் பக்கம் சிவப்பு, சேலம் பக்கம் பச்சை, பொது ஒயருக்கு வெள்ளை. பாயிண்டை மாற்றும் பொத்தான்களை வைக்கிற பலகைக்கு வெறும் பிளைவுட் பிடிக்கவில்லை. கறுப்புத் தோலில் ஒரு வெட்டுத்துண்டை மேலே ஒட்டி, அப்பரில் தையல் கோடு போடும் சில்வர் பேனாவால் லைனை வரைந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, அதற்கு மேல் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் இடத்தில் இரண்டு பொத்தான். நீங்கள் பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள். தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

முதல் முறை கரண்ட் கொடுத்துப் பெங்களூர் பொத்தானை அமுக்கினேன். டக் என்று தண்டவாளம் நகர்ந்தது. இரண்டு பேரும் கத்திவிட்டோம். ரயில் வந்தது, அந்தப் பக்கம் திரும்பியது, கடைசிப் பெட்டி தாண்டும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று ஒரு கருகல் நாற்றம். மேஜைக்கு அடியிலிருந்து புகை. காயில் எரிந்துவிட்டது.

ஏன் எரிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. ரஃபத்தான் என் கையைப் பார்த்தாள். பொத்தானின் மேல் விரல் அப்படியே இருந்தது. “இன்னா அம்பிகா, சீம் முடியற வரிக்கும் பெடல் மிதிக்கிற மாதிரி அமுக்கினே இருக்கிற! ரயிலுக்குத் தையல் போடறியா?” என்று சொல்லிச் சிரித்தாள். நிஜம்தான். இத்தனை வருடமாகக் காலை வைத்தால் தையல் முடியும் வரை எடுக்கக் கூடாது என்று பழகிய உடம்பு. இந்தப் பொத்தானோ தொட்டதும் விட்டுவிட வேண்டியது. பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சின்னக் காயில் தாங்காது. சிரித்த அவளை அமுக்கச் சொன்னேன். அவளும் பிடித்துக்கொண்டே நின்றாள்! நல்ல வேளை, ஒயரைக் கழற்றி வைத்திருந்தேன்.

பீரோவில் நீங்கள் வைத்திருந்த உபரி மோட்டார் ஒன்றே ஒன்று. அதையும் எரித்துவிட்டால் முடிந்தது கதை. நான்கு நாள் என் விரலை அதட்டிப் பார்த்தேன், கேட்கவில்லை. விரலைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும், சரி, கரண்டைத் திருத்துவோம் என்று மறுபடியும் வீடியோ தேடினேன். கெப்பாசிட்டர் வைத்த ஒரு சின்ன போர்டு இருக்கிறது. குழாயை நேராகத் திறந்துவிடாமல், குடத்தில் பிடித்து ஒரே வீச்சில் ஊற்றுவது போல. அமுக்கியதும் சேர்த்து வைத்த கரண்ட் மொத்தமும் ஒரே தட்டாகப் போய்ப் பாயிண்டை இழுக்கும். அதன் பிறகு நாள் பூராவும் அமுக்கிக்கொண்டிருந்தாலும் காயிலுக்கு ஒன்றும் ஆகாது. விரலை எடுத்தால்தான் மறுபடி நிரம்பும். சோபனாவைப் பார்க்க வேலூர் போனபோது சாமான் வாங்கி வந்து நானே ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, உபரி மோட்டாரையும் மாட்டினேன். கட்டை விரலில் ஒரு சூடு வாங்கியிருக்கிறேன், பயப்பட வேண்டாம், ஆறிவிட்டது.

நேற்று உங்கள் அண்ணன் வந்தார். கையில் டேப்போடு வந்தார், மிஷின் போட இடம் அளக்க. ரஃபத்தும் வந்திருந்தாள். ஆம்பூரிலிருந்து ரயிலை விட்டேன். வாணியம்பாடி தாண்டியது. பெங்களூர் பொத்தானைத் தொட்டேன், டக் என்று நகர்ந்தது, ரயில் பெங்களூர் பக்கம் போனது. அடுத்த சுற்றில் சேலம். அவர் டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “தள்ளுமா, நான் ஒண்ணு பாக்கறேன்” என்று பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரும் மிஷினில் உட்கார்ந்து முன்னுக்கு வந்தவர்தானே? பெங்களூர் பொத்தானை அமுக்கியவர் விரலை எடுக்கவே இல்லை. ரயில் வந்து, திரும்பி, கடைசிப் பெட்டி மறையும் வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்! ரஃபத் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. நாற்றமும் இல்லை, புகையும் இல்லை. விரலை எடுத்தார், சேலம் பொத்தானை அமுக்கினார், பாயிண்ட் சமர்த்தாக மாறியது. நான் போட்ட ஒயர், நான் வைத்த போர்டு. அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமையை எழுதினால் நீங்கள் கேலி செய்வீர்கள், ஆனாலும் எழுதுகிறேன். ஆம்பூர் ஸ்டேஷனில் நிற்காத ரயில் எல்லாம் எனக்காக நின்றுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

“தம்பி போன்ல சொல்லிக் குடுத்தானா?” என்று கேட்டார். இல்லை மாமா, நான்தான் என்றேன். பலகையில் நான் வரைந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். “மிஷின பின்னாடி ஷெட்டுல போட்டுக்கறேன்மா. இது இருக்கட்டும்” என்றார். கிளம்பும்போது படியில் நின்று, “அவன் எப்ப வர்றான்?” என்று கேட்டார்.

வருவார் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? ரஃபத் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். போனில் உங்கள் இஷ்டம் என்று சொன்னது பொய். அந்தக் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே ஏதாவது கெட்டுப்போயிருக்கிறது, நீங்கள் வந்துதான் சரி செய்ய வேண்டும் என்று சொல்லி உங்களை வரவழைக்க எனக்கு ஆசைதான். ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் ஓடுகிறது. உங்களுக்கென்று ஒரு வேலைகூட நான் மிச்சம் வைக்கவில்லை. வேலை எதுவும் இல்லாமல், சும்மா, என்னைப் பார்க்க வாருங்கள்.

சோளிங்கர் நரசிம்மர் உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
அம்பிகா