அப்பாவின் இடுப்புப் பாய்

பிரிஸ்பேன்,
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

செமிசி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? உங்கள் மருமகள் மெலேயும் பிள்ளைகளும் நலம்.

என் லாரித் தொழில் மூழ்கி, நான் திவாலான செய்தி டோங்கா வரைக்கும் வந்திருக்கும். வாடகை பாக்கியில்லை. ஆனாலும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். செவ்வாயன்று வீட்டுக்கார ஏஜென்டின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான். நம் ஊரில் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதுபோல் அப்பாவின் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன செமிசி, ஏதாவது விசேஷமா?"

"நான் திவாலாயிட்டேன்மா. வீட்ட மட்டும் பறிச்சிராதீங்க."

"அய்யய்யோ, எந்திரிங்க! வாடகை ஒழுங்கா வருதுல்ல? அதுக்கெல்லாம் யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. நான் பாத்ரூம் குழாயப் பாக்க வந்தேன்."

மெலேக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மகாராணி குழாய் பாக்கணுமாம், வழிய விடுய்யா!" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். அரசர் நம் தீவுக்கு வந்தபோது அப்பா கட்டிய பாய் அம்மா அது.

அதை இனிமேல் நான் கட்டமாட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் சாதாரணப் பாய் ஒன்று கொடுத்தனுப்புங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெயும்.

இப்போது அடுத்தவன் லாரிதான் ஓட்டுகிறேன், என்னைக் கூட்டிப்போக முதலாளி வாசலில் ஹாரன் அடிக்கிறான்.

இன்னொன்று. சர்ச்சில் வருடக் காணிக்கைக்கு இந்த முறை என்னால் பணம் அனுப்ப முடியாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வாசிப்பார்களே, அன்றைக்கு மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுங்கள் அம்மா.

செமிசி