அடுத்த ஆள் வரும்வரை

திங்கள், காலை 7.10
நிலவின் தென்முனை, ஐஸ் சுரங்க நிலையம். பதிவு செய்பவர்: அருமைநாயகம், தலைமை இயந்திர நிபுணர். கம்பெனி அட்டையில் 'பம்பு ஃபிட்டர்' என்று இருக்கும், அச்சடித்தவன் தப்பு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. எப்சிபா கீழே துளை அறைக்குப் போயிருக்கிறாள். என் அக்கா மகள், இன்ஜினியர். இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். அவளைக் கேட்டால் தலைகீழாகச் சொல்லுவாள்.

திங்கள், பகல் 1.40
தரை குலுங்கியது. பூமியில் நான் பார்த்த ஏழெட்டு பூகம்பமும் இதுக்கு முன்னால் தொட்டில் ஆட்டம். கீழே போகிற பாதை இடிந்து மூடிவிட்டது. எப்சிபா உள்ளே. அடி ஒன்றுமில்லை. அவளுக்குக் காற்று போகிற குழாயும் பேசுகிற கம்பியும் தப்பித்தன. பம்பு மோட்டார் கருகிப்போச்சு. கைச்சக்கரம் இருக்கிறது. சுற்றினால் காற்று போகும், விட்டால் நிற்கும். சுற்றுகிறேன். இனி வாயால் சொல்லுவேன், பதிவுப் பெட்டி எழுதிக்கொள்ளும்.

வடக்கு முகாம்: "மீட்பு வண்டி புறப்பட்டது. வியாழன் மாலை வந்துசேரும். சக்கரத்தை விடாதீர்கள்."

வியாழன் என்ன, அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் சுற்றுவேன்.

செவ்வாய், காலை 9.00
அவள் அறையைக் காற்றால் நிறைத்துவிட்டால் கொஞ்சம் கண்ணயரலாம். அதற்குமேல் தூங்கினால் காற்று குறைந்து அவளுக்குப் பேச்சு குழறுகிறது.

இதைக் கண்டெடுக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் உண்டு. ஒருவர் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்பார். அடுத்த ஆள் வந்து பக்கத்தில் முழங்கால் போட்டு, தோளைத் தொட்ட பிறகுதான் இவர் எழலாம். சங்கிலி அறக் கூடாது. புயல் அடித்த வருஷம் அடுத்த ஆள் வரவேயில்லை. நான் ஒருத்தனே விடிகிறவரை ஜெபித்தேன். சபைப் போதகர் ஐயரே கண்ணீர் விட்டார். இதைக் கம்பியில் எப்சிபாவுக்கும் சொன்னேன்.

எப்சிபா: "அம்மா வேற மாதிரில்லா சொன்னாவ. நீங்க குறட்டை விட்டு, ஐயர் வந்து எழுப்பினாராம்."

தூங்கினாலும் முழங்காலில்தானே தூங்கினேன்!

புதன், மாலை 4.30
உள்ளங்கைத் தோல் போய்விட்டது. சட்டையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன். வலது தோள் என்னுடையது மாதிரியே இல்லை.

திங்களன்று செய்த ஜெபத்தைக் கேட்டிருக்க வேண்டும். கன்வென்ஷன் கூட்டத்துப் பிரசங்கியார் தோற்றார். வானத்தையும் பூமியையும் படைத்ததில் ஆரம்பித்து, வடக்கு முகாமின் சமையல்காரர் வரைக்கும் ஆசீர்வதித்தேன். இப்போ அவ்வளவு நீளம் வரவில்லை. "ஆண்டவரே, இன்னொரு சுத்து." அவ்வளவுதான். அதைச் சுற்றி முடித்ததும் மறுபடியும் அதே ஜெபம்.

வடக்கு முகாம்: "வண்டி பள்ளத்தில் சிக்கியது. வெள்ளி பகல் ஆகும். மன்னிக்கவும்."

அவங்களை மன்னிச்சாச்சு. ஆண்டவர்கிட்டதான் கொஞ்சம் கோபம். மறைக்கல, அவர்கிட்டயே சொல்லிட்டேன்.

வியாழன், பகல் 2.15
தூங்கிட்டேன் போல. கம்பியில பாட்டு கேட்டு முழிச்சேன். எப்சிபா கீர்த்தனை பாடுறா, பாதி வார்த்தை குழறுது. உடனே சுத்தினேன். நெஞ்சுக்குள்ள யாரோ திருகு முடுக்குற மாதிரி ஒரு வலி. வாயுதான்.

எப்சிபா: "மாமா, மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்கு. போதும், விட்டுருங்க. ரெண்டு பேரும் சாவணுமா?"

விடச் சொல்றா. ஒரு பேச்சுக்கு, நான் எழுந்திரிக்கணும்னா அடுத்த ஆள் வந்திருக்கணுமே. யார் வந்தா? "நீ பாடு மோளே, சுருதி விலகுது"ன்னேன். கெட்ட வார்த்தை ஒண்ணு சொல்லிட்டுப் பாடுறா. கர்த்தர் அதைக் கணக்கில் வைக்க மாட்டார்.

வெள்ளி
மணி தெரியல. கண் மங்குது.
இன்னொரு சுத்து.
இடது கை மட்டும்.
இன்னொரு

வடக்கு முகாம்: "வண்டி பள்ளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. இன்னும் நான்கு மணி நேரத் தூரம். அருமைநாயகம், கேட்கிறதா?"

நாலு மணி நேரம். என்கிட்ட நாலு சுத்து இல்ல ஆண்டவரே. நான் பெரிய ஆள்னு சொன்னதெல்லாம் இருக்கட்டும். முழங்கால் போட்டுட்டேன். கை சக்கரத்துல கிடக்கு, சுத்தல. எழுந்திரிக்க மட்டும் மாட்டேன்.

வெள்ளி, அப்புறம்
பக்கத்துல யாரோ முழங்கால் போட்டாங்க. கதவு திறக்கல. வெளிவிளக்கு வெளிச்சத்துல எந்த வண்டியும் இல்ல. தோள்ல கை வெச்சாங்க, வலது தோள்ல. வலி இல்ல.

நான் ஊருக்கெல்லாம் கதை சொன்னவன். இதையும் அதுலயே சேர்த்துருவீங்க, தெரியும். ஆனா என் ரெண்டு கையும் மடியில இருக்கு. பார்த்துக்கிட்டேதான் சொல்றேன். மடியில இருக்கு.

சக்கரம் சுத்துது.

எப்சிபா: "மாமா! காத்து மீட்டர் ஊசி ஏறுது! இவ்வளவு சீரா நீங்க ஒருநாளும் சுத்தினதில்லையே. யாரு அங்க? வண்டி வந்துட்டா?"

வண்டி வரல மோளே.
அடுத்த ஆள் வந்தாச்சு.
நான் எழுந்திரிக்கிறேன்.