கெண்டைக்கால் தழும்பு

மார்ச் 9, ஞாயிறு
பூசை முடிய ஒத்திகை. தவக்கால நாடகம் இந்த முறை நான் எழுதினது, திரைக்குப் பின்னாலை நிண்டு கொப்பி பார்த்து வசனம் சொல்லிக்குடுக்கிறதும் நான்தான். உரோமையர் ஆட்சி, கலிலேயாவில் இரண்டு யூதச் சகோதரர். மூத்தவன் கத்தியோடு மலைக்குப் போகிறான். இளையவன் "கடவுள் பார்ப்பார்" என்று நின்றுவிடுகிறான். மூத்தவன் வேஷம் கோயில் பெடியன் றொனிஷனுக்கு. பெடியள் காணாது, இளையவன் வேஷம் என் மகள் ஜெசிக்காவுக்கு.

அங்கி கட்டிக் காட்டேக்கை றொனிஷன் என்ரை கெண்டைக்கால் தழும்பைக் கண்டிட்டான். "அங்கிள், ஊரிலை இயக்கத்திலை இருந்து சண்டை பிடிச்சனீங்களோ?"

ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. சிரிச்சன். சீ!

மார்ச் 11
அது இங்கை டென்மார்க்கிலை, இக்காஸ்ட் துணி ஆலையிலை மெஷின் கிழிச்சது. தொண்ணூற்று மூன்றில், என் கவனமில்லாத்தனத்தால்.

மார்ச் 16
றொனிஷன் என்னைப்போலவே காலைச் சாய்த்து நடந்து பழகுகிறான். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜெசிக்கா தட்டவில்லை.

மார்ச் 23
"போக முதல் செபிச்சனீங்களோ அங்கிள்? கடவுளோடை கோவமோ?" பகிடி இல்லை, றொனிஷன் உண்மையாய்க் கேட்கிறான். அவன்ரை மாமா இயக்கத்துக்குப் போய்த் திரும்பேல்லையாம். வீட்டில் ஒருவரும் அவரைப்பற்றிக் கதைப்பதில்லையாம். "நீங்கள்தான் சொல்லலாம்."

நான் என்னத்தைச் சொல்ல? ஊரிலை இயக்கத்துக்குப் போனவன் என்ரை கூட்டாளி மைக்கல். போற அண்டைக்குப் பின்னேரம் படலையடியிலை நிண்டு கூப்பிட்டான். "அவன் கோயிலுக்குப் போட்டான்" எண்டு அம்மாவைக் கொண்டு சொல்லுவிச்சன். நான் கட்டிலுக்குக் கீழை, கையிலை செபமாலை. பக்தியாம்! பயம். வெறும் பயம்.

ஏப்ரல் 6
காரில் ஜெசிக்காவுக்குச் சொன்னேன், தழும்பின் கதையை. றோட்டைப் பார்த்தபடி டெனிஷில் சொன்னாள்: "தெரியும் அப்பா. அம்மா எப்பவோ சொன்னவ. எனக்குத்தான் அங்கை நிற்க வெட்கமாயிருந்தது."

ஐயோ. என்ரை பொய்க்குப் பிள்ளை வெட்கப்பட்டிருக்கு.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு
ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன் — மெஷின், மைக்கல், கட்டில். றொனிஷன் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 16
போன் அடித்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் நேராய் நடந்தான்.

ஜெசிக்கா "கடவுள் பார்ப்பார்" என்றதும் அவன் போக வேண்டும். போகவில்லை. கொப்பியில் இல்லாத ஒன்றைக் கேட்டான்: "பயமோடா?"

ஜெசிக்கா திகைத்துப்போய்த் திரைப்பக்கம் திரும்பினாள். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொப்பியை மூடிவிட்டுச் சொல்லிக்குடுத்தேன்:

"ஓம் அண்ணை. பயம்."